கூகுளில் கிளிக்குக்குக் காசு கொடுத்து விளம்பரம்: சிறு தொழில் செய்பவர்கள் கேட்கும் கேள்விகள்

மதுரையில் ஏசி சர்வீஸ் செய்யும் ஒரு கடையை உதாரணமாக வைத்தே இந்தப் பதில்களை எழுதியிருக்கிறேன். கற்பனைக் கடைதான், ரூபாய்க் கணக்கும் புரிவதற்காகப் போட்டது. உங்கள் தொழிலில் எண்கள் மாறும், கணக்குப் போடும் முறை மாறாது. பெரும்பாலும் கூகுள் தேடல் விளம்பரத்தைப் பற்றித்தான் பேச்சு.

பிபிசி (PPC) என்கிறார்களே, அது என்ன?

பே பர் கிளிக். விளம்பரம் கண்ணில் படுவதற்குக் காசு இல்லை, யாராவது அதைத் தட்டினால்தான் காசு. 1998இல் அமெரிக்காவில் பில் கிராஸ் தொடங்கிய கோடூ டாட் காம் (GoTo.com) என்ற தேடல் தளம் இதை ஏலமாக நடத்திக் காட்டியது. கூகுள் 2000இல் ஆட்வேர்ட்ஸ் என்ற தன் விளம்பரச் சேவையை ஆரம்பித்தபோது, ஆயிரம் முறை காட்டினால் இவ்வளவு என்றுதான் வாங்கியது. கிளிக் ஏலத்துக்கு வந்தது 2002இல். 2018 முதல் அதன் பெயர் கூகுள் ஆட்ஸ்.

கிளிக்கை மலிவாக வாங்க என்ன வழி?

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். ஆனால் கிளிக் மலிவாகக் கிடைப்பது ஒன்று, தொழிலில் லாபம் நிற்பது வேறொன்று. ஒரு கணக்குப் போடுவோம்.

சாதாரண சர்வீஸுக்கு 600 ரூபாய் வாங்குகிறீர்கள். மெக்கானிக் கூலி, பெட்ரோல் எல்லாம் போக 300 நிற்கிறது. ஒரு கிளிக் 20 ரூபாய். விளம்பரத்தைத் தட்டும் 5 பேரில் ஒருவர் போன் செய்கிறார். போன் செய்பவர்களில் பாதிப்பேர் வேலை தருகிறார்கள். அப்படியானால் ஒரு போன் 100 ரூபாய், ஒரு வேலை 200 ரூபாய். விளம்பரச் செலவு போகக் கையில் நிற்பது 100.

இப்போது எப்படியோ மல்லுக்கட்டி கிளிக் விலையை 20இலிருந்து 16 ஆக்கிவிட்டீர்கள் என்று வையுங்கள். ஒரு வேலைக்கு 40 ரூபாய் மிச்சம். அதை விட்டுவிட்டு, கடையில் போன் எடுப்பவர் ரெண்டாவது ரிங்கிலேயே எடுத்து, விலையைத் தயங்காமல் சொல்லி, "இன்னைக்கு நாலு மணிக்கு ஆள் வரும்ணே" என்று நேரமும் கொடுத்துவிட்டால்? பாதிக்குப் பதில் நாலில் மூன்று பேர் வேலை தந்தாலே ஒரு வேலையின் விளம்பரச் செலவு 133 ரூபாய்க்கு இறங்கிவிடும். மிச்சம் 67. கூகுள் ஆட்ஸ் திரையைத் தொடாமலேயே.

அதே கணக்கு இன்னொன்றையும் சொல்கிறது. 10 கிளிக்குக்கு ஒரு வேலை, ஒரு வேலையில் 300 ரூபாய் நிற்கிறது என்றால் கிளிக்குக்கு நீங்கள் கொடுக்கக்கூடிய உச்சவரம்பு 30 ரூபாய். அதைத் தாண்டினால் கைநஷ்டம். இந்த ஒரு எண்ணைத் தெரிந்துகொள்ளாமல் விளம்பரத்தைத் தொடங்காதீர்கள். வந்த வாடிக்கையாளர் அடுத்த வருஷமும் உங்களையே கூப்பிடுவார், கேஸ் நிரப்பும் வேலை கூடுதலாக வரும் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் அதை முதல் மாதமே லாபக் கணக்கில் சேர்த்துக்கொண்டு ஏலத்தை ஏற்றியவர்கள்தான் ரெண்டாவது மாதம் "கூகுள் விளம்பரம் வேஸ்ட்" என்பார்கள்.

மாதம் 10 ஆயிரம் ரூபாய் போதுமா?

மேலே உள்ள கணக்குப்படி 500 கிளிக், 50 வேலை. ஒரு சின்னக் கடைக்கு இது தாராளம். ஆனால் அந்த 10 ஆயிரத்தையும் ஏசி, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், இன்வெர்ட்டர் என்று நாலாகப் பிரித்தால் எதிலும் எதையும் கற்றுக்கொள்ள முடியாது. எந்த வேலையில் அதிகம் நிற்கிறதோ அதற்கு மட்டும் போடுங்கள். 18 சதவீதம் ஜிஎஸ்டி தனி. 10 ஆயிரம் ரூபாய்க்கு விளம்பரம் ஓட 11,800 ஆகும். ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்கள் கூகுள் ஆட்ஸ் கணக்கில் தங்கள் ஜிஎஸ்டி எண்ணைச் சரியாகக் கொடுத்தால் அந்த வரியை உள்ளீட்டு வரி வரவாக எடுத்துக்கொள்ளலாம். பலர் எண்ணைக் கொடுக்காமலே வருஷக்கணக்கில் ஓட்டுகிறார்கள்.

அதிகம் காசு கட்டுபவர்தானே மேலே வருவார்?

இல்லை. ஒவ்வொரு தேடலுக்கும் தனித்தனியாக ஏலம் நடக்கிறது. நீங்கள் சொல்லும் தொகையோடு, விளம்பரத்தின் தரமும் சேர்த்துப் பார்க்கப்படும். கீவேர்டு (எந்தத் தேடலுக்கு விளம்பரம் வர வேண்டும் என்று நீங்கள் கொடுக்கும் சொல்) ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 10 வரை குவாலிட்டி ஸ்கோர் என்று ஒரு மதிப்பெண் கணக்கில் தெரியும். தட்டுவார்களா, தேடியதற்கும் விளம்பரத்துக்கும் பொருத்தம் உண்டா, தட்டிய பிறகு திறக்கும் பக்கம் உருப்படியாக இருக்கிறதா என்ற மூன்றையும் வைத்துப் போடப்படுவது அது. மதிப்பெண்ணே நேரடியாக ஏலத்தில் கலப்பதில்லை, ஏலத்தில் என்ன நடக்கும் என்பதற்கு ஓர் அடையாளம். 3, 4 என்று கிடந்தால் அதே இடத்துக்குப் பக்கத்துக் கடைக்காரரைவிட அதிகம் கொடுக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்ளலாம்.

நீங்கள் சொன்ன தொகை முழுவதையும் பிடிப்பதும் இல்லை. உங்களுக்குக் கீழே இருப்பவரைத் தாண்ட எவ்வளவு தேவையோ அவ்வளவுதான் பிடிப்பார்கள்.

கீவேர்டு எப்படித் தேர்ந்தெடுப்பது? பிராட், ஃபிரேஸ், எக்ஸாக்ட் என்று மூன்று காட்டுகிறதே?

பிராட் என்றால் நீங்கள் கொடுத்த சொல்லுக்குத் தொடர்புள்ளது என்று கூகுள் நினைக்கும் எதற்கும் விளம்பரம் வரும். ஃபிரேஸ் என்றால் அந்த அர்த்தம் தேடலுக்குள் இருக்க வேண்டும். எக்ஸாக்ட் என்றால் அதே பொருள் தரும் தேடல். எழுத்துக்கு எழுத்து அதேதான் என்று நினைக்க வேண்டாம், கிட்டத்தட்ட அதே மாதிரி உள்ளவையும் வரும்.

கணக்குத் தொடங்கும்போது தானாக வந்து உட்கார்வது பிராட். பட்ஜெட் சிறியதாக இருக்கும்வரை அதைப் பயன்படுத்தாதீர்கள். "ஏசி சர்வீஸ் மதுரை", "ஏசி ரிப்பேர் அண்ணா நகர்", "ஸ்பிளிட் ஏசி கேஸ் ஃபில்லிங்" மாதிரி, தேடுபவர் இன்றைக்கே ஆள் கூப்பிடப் போகிறார் என்று தெரிகிற பத்துப் பதினைந்து சொற்றொடர்களை ஃபிரேஸிலும் எக்ஸாக்டிலும் போட்டால் போதும். "எந்த ஏசி நல்லது" என்று தேடுபவர் இன்னும் ஏசியே வாங்கவில்லை. அவருக்கு நீங்கள் ஏன் செலவு செய்ய வேண்டும்?

பணம் எங்கேதான் போகிறது? கிளிக் வருகிறது, போன் வரவில்லை.

சர்ச் டேர்ம்ஸ் ரிப்போர்ட்டைத் திறந்து பாருங்கள். நீங்கள் கொடுத்த கீவேர்டு வேறு, மக்கள் உண்மையில் தட்டச்சு செய்தது வேறு. பிராடில் "ஏசி சர்வீஸ்" என்று மட்டும் போட்ட கணக்கில் இந்த மாதிரி வரிகள் வரிசையாக நிற்கும்:

ஏசி மெக்கானிக் வேலை மதுரை
ஏசி மெக்கானிக் சம்பளம் எவ்வளவு
ஏசி சர்வீஸ் கோர்ஸ் ஃபீஸ்
ஐடிஐ ஏசி ஃபிரிட்ஜ்
மதுரை சென்னை ஏசி பஸ் சர்வீஸ்
கார் ஏசி சர்வீஸ்
வீட்டிலேயே ஏசி சர்வீஸ் செய்வது எப்படி
பழைய ஏசி விலை
கஸ்டமர் கேர் நம்பர்

கடைசி வரி கொஞ்சம் பொல்லாதது. ஏதோ ஒரு கம்பெனியின் கஸ்டமர் கேரைத் தேடுபவர் உங்கள் எண்ணை அழைப்பார். வாரன்டியில் இலவசமாகச் செய்து கொடுக்கச் சொல்வார். முடியாது என்றால் திட்டுவார், சிலர் கூகுளில் ஒரு ஸ்டார் போட்டுவிட்டுப் போவார்கள். அத்தனைக்கும் 20 ரூபாய் நீங்கள் கொடுத்திருக்கிறீர்கள்.

இதற்கு மருந்து நெகட்டிவ் கீவேர்டு, அதாவது இந்தச் சொல் இருந்தால் என் விளம்பரத்தைக் காட்டாதே என்று சொல்வது. வேலை, சம்பளம், கோர்ஸ், ஐடிஐ, பஸ், கார், பழைய, எப்படி, கஸ்டமர் கேர் ஆகியவற்றை விளம்பரம் தொடங்கும் அன்றே போட்டுவிடுங்கள். அப்புறம் முதல் மாதம் ரெண்டு நாளைக்கு ஒருமுறை, பிறகு வாரம் ஒருமுறை ரிப்போர்ட்டைப் பார்த்துச் சேர்த்துக்கொண்டே வாருங்கள்.

இங்கே தமிழுக்கென்று ஒரு சிக்கல் உண்டு. சாதாரண கீவேர்டு பக்கத்துச் சொற்களையும் இழுத்து வரும். நெகட்டிவ் கீவேர்டு அப்படி இல்லை, எழுத்துப்பிழைகளைத் தவிர்த்தால் கொடுத்த வடிவத்தைத்தான் தடுக்கும். நம் மொழியிலோ வேற்றுமை உருபெல்லாம் சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். "வேலை" என்று தடுத்தால் "வேலைக்கு ஆள் தேவை" தப்பித்து உள்ளே வரும். ஆகவே வேலை, வேலைக்கு, வேலைகள், வேலைவாய்ப்பு என்று தனித்தனியாகக் கொடுக்க வேண்டும். அதே சொற்களை ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்கிறவர்கள்தான் அதிகம் என்பதால் அந்த வடிவங்களும் வேண்டும்.

தேடல் சொற்கள் எல்லாமே ரிப்போர்ட்டில் தெரியும் என்றும் நினைக்க வேண்டாம். 2020 செப்டம்பரிலிருந்து, குறைவான பேர் தேடியவற்றைக் கூகுள் மறைத்துவிடுகிறது. காசு மட்டும் பிடித்திருப்பார்கள். பிராட் வேண்டாம் என்று நான் அடம்பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

விளம்பரத்தைத் தமிழில் போடலாமா?

போடலாம். 2018 முதல் தமிழுக்கு இடம் உண்டு. தமிழில் தேடுபவருக்குத் தமிழ் விளம்பரம், ஆங்கில எழுத்தில் தேடுபவருக்கு ஆங்கிலம் என்று ரெண்டு தனி விளம்பரக் குழு வைத்துவிடுங்கள். தமிழ்ச் சொற்களுக்கு ஏலத்தில் போட்டி போடும் கடைகள் பொதுவாகக் குறைவு. தேடுபவர்களும் குறைவு என்பதையும் மறக்க வேண்டாம். தலைப்புக்கு 30 எழுத்துதான் வரம்பு என்பதால் தமிழில் அது சட்டென்று தீர்ந்துவிடும். "குளிர்சாதனக் கருவி பராமரிப்பு" என்றெல்லாம் எழுதினால் இடமும் போகும், தேடுபவரும் போவார். அவர் "ஏசி சர்வீஸ்" என்றுதான் தேடினார், அதையே எழுதுங்கள்.

மொழி செட்டிங் உங்கள் கணக்கில் இருந்தால் தமிழ், ஆங்கிலம் ரெண்டையுமே டிக் செய்யுங்கள். நம் ஊரில் தமிழில் தேடுபவரின் போன்கூட ஆங்கிலத்தில்தான் இருக்கும்.

வாசகத்தில் என்ன எழுதுவது?

15 தலைப்பு, 4 விவரம் வரை கொடுக்கலாம். விவரத்துக்கு வரம்பு 90 எழுத்து. கூகுள் அவற்றைக் கலைத்துச் சேர்த்துக் காட்டும். "சிறந்த சேவை", "நம்பிக்கையான நிறுவனம்" மாதிரி வாசகங்களை எல்லாக் கடையும் போட்டிருக்கும், யாரும் படிப்பதில்லை. விலையைப் போடுங்கள்: "ஸ்பிளிட் ஏசி சர்வீஸ் ரூ.600". 400 ரூபாய்க்கு ஆள் தேடுபவர் தட்டாமலே போய்விடுவார். அந்த 20 ரூபாய் மிச்சம். "வேலை நாளில் அன்றே வருவோம்" என்பதும் நல்லதுதான், வர முடியும் என்றால்.

செட்டிங்கில் எதையெல்லாம் மாற்ற வேண்டும்?

தானாகவே டிக் ஆகியிருப்பவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

தேடல் விளம்பரம் தொடங்கும்போது டிஸ்பிளே நெட்வொர்க்கும் (பிற தளங்களிலும் ஆப்களிலும் விளம்பரம் காட்டுவது) சேர்ந்தே டிக் ஆகியிருக்கும். எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் எங்கோ ஒரு பிள்ளை அம்மாவின் போனில் கேம் விளையாடும்போது தவறித் தட்டுவதற்கும் உங்கள் பட்ஜெட்டே போகும். கூகுளோடு சேர்ந்த பிற தேடல் தளங்களான சர்ச் பார்ட்னர்ஸையும் ஆரம்பத்தில் எடுத்துவிடலாம்.

இடத்தில், "இந்த ஊரில் இருப்பவர்கள் அல்லது ஆர்வம் காட்டுபவர்கள்" என்பது இயல்பாக இருக்கும். "இருப்பவர்கள்" என்று மாற்றுங்கள். ஒரே ஒரு விதிவிலக்கு: அப்பா அம்மா திருநகரில் இருப்பார்கள், பெங்களூரிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ மகன் ஆள் தேடுவார். இப்படி வருபவர்கள் பேரம் பேசுவதும் குறைவு. அவர்களுக்கென்று "மதுரை" என்ற சொல் கட்டாயம் இருக்கும் எக்ஸாக்ட் கீவேர்டுகளோடு ஒரு சின்ன கேம்பெய்ன் (விளம்பரத் தொகுப்பு) தனியாக வைக்கலாம்.

நேரம்: போன் எடுக்க ஆள் இருக்கும் நேரம் மட்டும். இரவு 11 மணிக்குப் புழுக்கத்தில் தேடுபவர் காலை நீங்கள் கடை திறப்பதற்குள் வேறு யாரையாவது கூப்பிட்டிருப்பார்.

ஆட்டோ அப்ளை என்று ஒரு பகுதி உண்டு. கூகுளின் பரிந்துரைகளை உங்களைக் கேட்காமலே அமல்படுத்தும் வசதி. உள்ளே போய் எது டிக் ஆகியிருக்கிறது என்று பார்த்து அணைத்துவிடுங்கள். ரூபாயைத் தவிர வேறு நாணயத்தில் கணக்குத் தொடங்கிவிடாதீர்கள். பிறகு மாற்றவே முடியாது.

தினம் 300 என்று வைத்தேன், நேற்று 540 போயிருக்கிறது. ஏமாற்றா?

இல்லை. ஒரு நாளில் தினசரி பட்ஜெட்டைப் போல ரெண்டு மடங்கு வரை செலவாகலாம். மாதக் கணக்கில் தினசரித் தொகையின் 30.4 மடங்கைத் தாண்டிப் பிடிக்க மாட்டார்கள். 300 என்றால் மாதம் 9,120. பட்ஜெட்டை நடுவில் அடிக்கடி மாற்றினால் மட்டும் இந்தக் கணக்குக் குழம்பும்.

வெப்சைட் இல்லை. வாட்ஸ்அப் மட்டும் போதாதா?

ஒரே ஒரு பக்கம் போதும், ஆனால் அது வேண்டும். மேலே கடைப் பெயர், எந்தெந்த ஏரியா, விலைப் பட்டியல், தட்டினால் போன் போகிற பட்டன், வாட்ஸ்அப் பட்டன். சாதாரண போனில் மொபைல் டேட்டாவில் சட்டென்று திறக்க வேண்டும். கடை உரிமையாளர் மாலையோடு நிற்கும் பெரிய படத்தை மேலே போட்டால் அது திறப்பதற்குள் ஆள் பின்னால் போய்விடுவார். காசு போனது போனதுதான்.

கன்வெர்ஷன் டிராக்கிங் கட்டாயமா?

கட்டாயம். போன் பட்டனையும் வாட்ஸ்அப் பட்டனையும் தட்டியதை (இதைத்தான் கன்வெர்ஷன் என்கிறார்கள்) பதிவு செய்யாமல் விளம்பரம் ஓட்டினால் எந்தக் கீவேர்டு வேலை தந்தது என்று ஒருகாலும் தெரியாது. அதோடு கடையில் ஒரு நோட்டும் வையுங்கள்: தேதி, போன் எண், என்ன வேலை, வந்ததா, எவ்வளவு பில். பட்டனைத் தட்டியது கூகுளுக்குத் தெரியும், அவர் உண்மையில் 600 ரூபாய் கொடுத்தாரா என்பது உங்கள் நோட்டுக்குத்தான் தெரியும். மாதக் கடைசியில் மொத்த விளம்பரச் செலவை நோட்டில் உள்ள வேலைகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள்.

பெர்ஃபார்மன்ஸ் மேக்ஸ், ஸ்மார்ட் பிடிங் என்று எல்லாம் தானாகவே ஓடுமாமே?

ஓடும். ஸ்மார்ட் பிடிங் என்றால் ஏலத் தொகையைக் கூகுளே வைப்பது. பெர்ஃபார்மன்ஸ் மேக்ஸ் என்றால் பட்ஜெட்டைத் தேடல், யூடியூப், ஜிமெயில், மேப்ஸ் எல்லாவற்றிலும் அதுவே பிரித்துக்கொள்ளும். இந்த முறைகள் கன்வெர்ஷன் தகவலை வைத்துத்தான் கற்றுக்கொள்கின்றன. மாதம் 30 கன்வெர்ஷனாவது வராத கணக்கில் அதற்குக் கற்றுக்கொள்ள ஒன்றும் இருக்காது. முதல் சில வாரம், கிளிக் விலையை நீங்களே வைக்கும் மேனுவல் சிபிசியிலோ, கிளிக் விலைக்கு உச்சவரம்பு வைத்த மேக்சிமைஸ் கிளிக்ஸிலோ ஓட்டுங்கள். போன்கள் ஒழுங்காக வரத் தொடங்கியதும், ஒரு கன்வெர்ஷனுக்கு இவ்வளவு என்று இலக்குச் சொல்லும் டார்கெட் சிபிஏவுக்கு மாறலாம். அப்போது அது உண்மையிலேயே நன்றாக வேலை செய்யும்.

எதிர்க்கடைக்காரர் என் விளம்பரத்தைத் தட்டித் தட்டிக் காசைக் கரைக்கிறார் என்று சந்தேகம்.

ஒரே ஆள் திரும்பத் திரும்பத் தட்டுவதைக் கூகுள் பெரும்பாலும் கண்டுபிடித்துக் கழித்துவிடும். இன்வேலிட் கிளிக்ஸ் என்ற நெடுவரிசையைத் திரையில் சேர்த்தால் எத்தனை கழிக்கப்பட்டன என்று தெரியும். ஒரு கேம்பெய்னில் 500 ஐபி முகவரி வரை தடுக்கலாம். ஆனால் மொபைல் டேட்டாவில் ஐபி மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் பெரிய பலன் இல்லை. எதிர்க்கடையைச் சந்தேகிக்கும் முன் சர்ச் டேர்ம்ஸைப் பாருங்கள். பெரும்பாலும் ஐடிஐ மாணவர்கள்தான் இருப்பார்கள். நீங்களும் உங்கள் விளம்பரம் வருகிறதா என்று தினமும் தேடிப் பார்க்காதீர்கள். அதற்கு ஆட் பிரிவியூ என்ற வசதி கணக்கிலேயே இருக்கிறது.

போட்டிக் கடையின் பெயரைக் கீவேர்டாக வைக்கலாமா?

இந்த விவகாரத்தில் நம் ஊர் வழக்கே உண்டு. பாரத் மேட்ரிமோனியை நடத்திய கன்சிம் இன்ஃபோ, கூகுள் மீதும் போட்டித் திருமணத் தளங்கள் மீதும் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2010இல் உத்தரவிட்டது. பாரத், தமிழ், மேட்ரிமோனி போன்ற பொதுச் சொற்களை ஒருவருக்கே பட்டா போட்டுக் கொடுக்க நீதிமன்றம் தயாராக இல்லை. 2023இல் அகர்வால் பேக்கர்ஸ் தொடர்பான வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம், பிறர் வணிகப் பெயரைக் கீவேர்டாக வைப்பது மட்டுமே அத்துமீறல் ஆகாது, தேடுபவரைக் குழப்பினால் ஆகும் என்றது.

சட்டம் இருக்கட்டும். காசு கணக்கிலேயே இது சரிப்படாது. அந்தக் கடையைப் பெயர் சொல்லித் தேடுபவர் அவர்களைத்தான் கூப்பிடுவார். பொருத்தம் இல்லாததால் கிளிக்கும் விலை ஏறும்.

ஏஜென்சியிடம் கொடுத்துவிடலாமா?

கொடுக்கலாம், ஆனால் கணக்கு உங்கள் மெயில் ஐடியில், உங்கள் பெயரில் இருக்க வேண்டும். அவர்களுக்கு மேனேஜர் அனுமதி மட்டும் கொடுங்கள். தங்கள் சொந்தக் கணக்கில் ஓட்டிவிட்டு மாதம் ஒரு எக்சல் ஷீட் அனுப்புபவர்களிடம் போகாதீர்கள். உறவு முறிந்தால் நெகட்டிவ் பட்டியலிலிருந்து பழைய வரலாறு வரை எல்லாம் அவர்களோடு போய்விடும். விளம்பரச் செலவு எவ்வளவு, அவர்கள் கூலி எவ்வளவு என்று பில் தனித்தனியாக வர வேண்டும். மாதம் 10 ஆயிரம் விளம்பரத்துக்கு 8 ஆயிரம் கூலி கேட்டால், மேலே போட்ட 200 ரூபாய் கணக்கில் அந்தக் கூலியையும் சேர்த்து இன்னொரு முறை போட்டுப் பாருங்கள். ஒரு வேலைக்கு 360 ஆகிவிடும்.

எப்போது நிறுத்துவது, எப்போது ஏற்றுவது?

ஏசிக்குப் பங்குனி, சித்திரை, வைகாசி. அக்னி நட்சத்திரத்தில் ஏலமும் ஏறும், போனும் கூடும். உங்கள் ஆட்கள் கை நிறைய வேலையோடு இருக்கும் அந்த நாட்களில் விளம்பரத்துக்கு உண்மையில் அவசியமே இல்லாமல் இருக்கலாம். மூன்று நாள் கழித்துத்தான் ஆள் அனுப்ப முடியும் என்றால் நிறுத்தி வையுங்கள். மாசியிலேயே "வெயிலுக்கு முன் சர்வீஸ்" என்று ஓட்டுவதுதான் எனக்குப் பிடித்த முறை. கல்யாணப் போட்டோகிராபர் என்றால் ஆடியில் குறைக்கக் கூடாது. ஆடியில் கல்யாணம் நடக்காது, ஆனால் ஆவணி முகூர்த்தத்துக்கு ஆள் தேடுவது அப்போதுதான்.

கூகுளிலிருந்து என்று போன் செய்து பட்ஜெட்டை ஏற்றச் சொல்கிறார்கள். கேட்கலாமா?

உண்மையிலேயே அவர்கள் சார்பில் கூப்பிடுபவர்களும் உண்டு, அந்தப் பெயரைச் சொல்லி ஏமாற்றுபவர்களும் உண்டு. ஓடிபி கேட்டாலோ, தனி எண்ணுக்கு ஜிபே செய்யச் சொன்னாலோ போனை வைத்துவிடுங்கள். உண்மையான ஆளே என்றாலும், ஆப்டிமைசேஷன் ஸ்கோர் 62 சதவீதம்தான் இருக்கிறது, பிராடுக்கு மாறினால் 100 ஆகும் என்பார். அது கூகுள் தன் பரிந்துரைகளை வைத்துப் போடும் மதிப்பெண், அதற்கும் ஏலத்துக்கும் சம்பந்தம் இல்லை. பரிந்துரையை "வேண்டாம்" என்று தள்ளினாலும் அது ஏறும். "மெயிலில் எழுதி அனுப்புங்க, பார்த்துச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு நோட்டை எடுத்து, போன மாதம் ஒரு வேலைக்கு எவ்வளவு ஆனது என்று பாருங்கள். 200க்குக் கீழே இருந்து, ஆட்களும் சும்மா இருந்தால் ஏற்றலாம்.